பத்தொன்பது தள்ளுவண்டி மணல்

பூங்காத் துறையில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. 'புல் மேடம்' என்றால்தான் தெரியும். பெரிய பூங்காவுக்குள் இருக்கும் மூன்று விளையாட்டு மைதானங்களும் அவள் பொறுப்பு. எந்த விதையை எந்த வாரம் தூவுவது, புல்லை எத்தனை மில்லிமீட்டருக்கு வெட்டுவது, எந்த மைதானம் எந்த மாதம் ஆட்டத்துக்கு, எது ஓய்வுக்கு என்று வருஷம் முழுமைக்கும் திட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவைப்பவள் அவள். அந்தத் தாளில் ஒரு கட்டத்தைக்கூட யாருக்காகவும் மாற்றமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் நாத்தனாருக்கு அது கூடுதலாகவே தெரியும்.

நாத்தனார் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். கணவனின் தங்கைதான் என்றாலும் ஒரே வீட்டில் பத்து வருஷமாக இருந்து, இருவருக்கும் கூடப்பிறந்தவர்கள் போல ஒட்டிப்போய்விட்டது. மைதானத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் வீடு இரண்டுபடும். ஆறு வாரத்துக்கு முன்னால் மூன்றாம் எண் மைதானம் முழுவதும் புதிதாக விதைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு மணி நேரம் பயிற்சி கேட்டாள் நாத்தனார்.

"அடுத்த சீசன் வரைக்கும் அதுல யாரும் கால் வைக்கக் கூடாது. வேர் பிடிக்கணும்."

"உங்க புல்லுக்கு இருக்கிற மரியாதை எங்க பொண்ணுங்களுக்கு இல்ல அண்ணி," என்று தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள்தான். அதற்குப் பிறகு பத்து நாள் ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு நின்றது.

இறுதிப்போட்டிக்கு அந்த அணி தகுதி பெற்றதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. போட்டி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒன்றாம் எண் மைதானத்தில். தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் குழுவிலிருந்து இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. அணியில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பெண் உண்டு. பந்து கிடைத்தால் இடது வலது பார்க்காமல் தண்டவாளத்தில் போவதுபோல் நேரே ஓடுவாள், அதனால் அந்தப் பெயர். அவளை எப்படியும் எடுத்துவிடுவார்கள் என்று நாத்தனார் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. முக்கியமான ஆட்டம் என்றால் கோடு போடும் வண்டியைப் புல் மேடம் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. வடக்குப் பக்கத்துக் கோலுக்கு முன்னால், பெனால்டி கட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது இடது சக்கரம் லேசாக இறங்கியது. வெள்ளைக்கோடு அந்த இடத்தில் முழங்கைபோல் வளைந்தது.

அவள் நின்றாள். அந்த இடம் அவளுக்குப் பழக்கமான இடம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முதலில் சொன்னவர் மெஷின் அண்ணன். புல்வெட்டும் வண்டி, ரோலர், விதை தூவும் இயந்திரம் எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர். "மேடம், வடக்கு கோலுக்கு முன்னாடி வண்டி மெத்துன்னு போகுது. என்னன்னு பாருங்க," என்றார். போய்ப் பார்த்தாள். கையகலப் பள்ளம். நான்கு தள்ளுவண்டி மணல் போட்டு, மேலே விதை தூவி, பதிவேட்டில் 'பள்ளம் சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வாரத்தில் மறுபடி இறங்கியது. ஆறு வண்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் மூன்றாம் தடவை. ஒன்பது வண்டி. மூன்று தடவையும் அதே வாக்கியம், அதே கையெழுத்து.

மண்ணின் ஈரம் பார்ப்பதற்குக் குறுக்குக் கைப்பிடி வைத்த ஒரு மீட்டர் இரும்புக் கம்பி எப்போதும் அவளிடம் இருக்கும். மண்டியிட்டு அதைக் குத்தினாள். ஒரு சாண் வரை மண் வழக்கம்போல் எதிர்த்தது. பிறகு மக்கிய கட்டையில் ஆணி இறங்குவதுபோல் நறநறவென்று ஏதோ. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கம்பி சர்ரென்று கைப்பிடி வரை போய், அவள் முகம் புல்லில் இடித்தது.

அப்படியே அசையாமல் இருந்தாள். கம்பியை எதுவும் பிடித்திருக்கவில்லை. ஆட்டினால் கீழே அது காற்றில் ஆடியது. மெதுவாக உருவினாள். நுனியில் ஈரம், அழுகின மரத்தின் வாடை.

அப்போதுதான், தான் அதன் மேல்தான் மண்டியிட்டிருக்கிறோம் என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால், மெஷின் அண்ணன் கடைசி வெட்டை முடிக்க வண்டியோடு நேரே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். காதில் அடைப்பான் மாட்டியிருந்தார். முக்கால் டன் வண்டி.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். கேட்கவில்லை. எழுந்து ஓடவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம். குப்புறப் படுத்து, கைகால்களைப் பரப்பிக்கொண்டு பின்னோக்கி ஊர்ந்தாள். பாதுகாப்பான தூரம் என்று தோன்றியதும் எழுந்து, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வீசிக்கொண்டு வண்டிக்கு எதிரே ஓடினாள். பத்தடி இருக்கும்போது வண்டி நின்றது.

மெஷின் அண்ணன் அடைப்பானைக் கழற்றினார். "என்ன மேடம், பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

அவள் கம்பியைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கம்பியின் நுனியை முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நேத்துதான மேடம் இது மேல ரோலர் ஓட்டினேன். நாலு தடவை," என்றார்.

துறைத் தலைவரின் அலுவலகம் பூங்கா வாசலிலேயே இருந்தது. கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். காலணியில் மண் படுவதைப் பிடிக்காத மனிதர், ஓடுபாதை ஓரமாகவே நடந்து வந்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் நாத்தனாரும், மைதானத்தை அணிக்குக் காட்டுவதற்காகப் பெண்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், இந்த மைதானத்தை மூடணும். இப்பவே," என்றாள் புல் மேடம்.

"இன்னும் நாலு மணி நேரத்துல மேட்ச். எதிர் டீம் ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி வந்திருக்கு. மூடணும்னா என்ன அர்த்தம்?"

"கீழ ஏதோ குழி இருக்கு. எவ்வளவு ஆழம்னு தெரியல. கம்பி முழுசா போயிடுச்சு."

தலைவர் கைப்பேசியில் மைதானத்தின் வரைபடத்தை எடுத்து விரலால் பெரிதாக்கினார். "இங்க ஒண்ணுமே இல்லையே. குழாய் இல்ல, வடிகால் இல்ல. எலி வளையா இருக்கும்."

"எலி அவ்வளவு மணலை எங்க சார் கொண்டுபோய் வைக்கும்?" என்றார் மெஷின் அண்ணன் பின்னாலிருந்து.

"எந்த மணல்?"

புல் மேடம் நினைத்திருந்தால் அந்த இடத்தில் தப்பித்திருக்கலாம். இன்று காலைதான் கவனித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெஷின் அண்ணன் மறுத்துப் பேசியிருக்கமாட்டார். தலைவருக்குப் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமும் கிடையாது. நாக்கு அந்தப் பக்கம்தான் திரும்பியது. அவளே அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"நான் போட்ட மணல் சார். மூணு மாசமா இந்த இடம் இறங்குது. மூணு தடவை மணல் போட்டு மூடினேன். நாலு, ஆறு, ஒன்பது. மொத்தம் பத்தொன்பது தள்ளுவண்டி. ஒவ்வொரு தடவையும் சரியாயிடுச்சுன்னு எழுதினேன். போட்ட மணல் எங்க போகுதுன்னு நான் கேக்கவே இல்ல."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரியாயிடுச்சுன்னு நீங்களே மூணு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நீங்களே வந்து மூடணும்ங்கிறீங்க. இதுல எதை நான் நம்பறது?"

"கையெழுத்தை நம்பாதீங்க சார். கம்பியை நம்புங்க."

"மேட்ச் முடியட்டும். திங்கட்கிழமை தோண்டிப் பார்க்கலாம்."

"கார்னர் கிக் அடிக்கும்போது பதினஞ்சு பேர் இந்த இடத்துலதான் சார் மொத்தமா குதிப்பாங்க."

இதுவரை பேசாமல் இருந்த நாத்தனார் முன்னால் வந்தாள். மூக்கு விடைத்திருந்தது. "அண்ணி, ஒரே ஒரு கேள்வி. நிச்சயமா தெரியுமா, இல்ல சந்தேகமா?"

"சந்தேகம்தான்."

"சந்தேகத்துக்காகவா ஃபைனலை நிறுத்தறீங்க? இன்னொரு நாளைக்குத் தள்ளினா செலக்டர்ஸ் வரமாட்டாங்க. இந்தப் பொண்ணுங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான்."

பெண்கள் சற்றுத் தள்ளி நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் காலணிக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"நிறுத்தச் சொல்லல," என்றாள் புல் மேடம். "ரெண்டாம் நம்பர்ல ராத்திரி வரைக்கும் பள்ளிக்கூட விளையாட்டு விழா. மூணாம் நம்பர்ல ஆடலாம்."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நாத்தனார் சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை.

"ஒரு மணி நேரம் பயிற்சி கேட்டதுக்கு விடல. இப்ப ஃபைனலையே அதுல ஆடணுமா? அங்க கோடு இல்ல, கோல் இல்ல. புல்லு காடு மாதிரி நிக்குது. வேரே பிடிக்கலன்னு நீங்கதான சொன்னீங்க? என் பொண்ணுங்க வழுக்கி விழுவாங்க."

"விழுவாங்க. விழுந்தா எந்திரிச்சுக்கலாம். இங்க விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க," என்றார். "உங்க பொறுப்புல ஒன்றாம் எண்ணை மூடினதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்குத் தோண்டி ஒண்ணுமில்லன்னு வந்தா, பதில் நீங்கதான் சொல்லணும். மேட்சை அரை மணி நேரம் தள்ளி வைக்கிறேன். நாலரை மணிக்கு மூணாம் எண் ரெடியா இல்லன்னா, மேட்ச் இங்கதான் நடக்கும்."

புல்வெட்டும் வண்டியின் மூடிமேல் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அப்போது மணி பன்னிரண்டரை. வண்டி, கம்பம், கயிறு, ஆள் என்று அவளிடம் இருந்தது எல்லாம் கைவிரலில் அடங்கும். முதலில் சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றிப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டினார்கள். பிறகு மெஷின் அண்ணன் வண்டியை மூன்றாம் எண்ணுக்குத் திருப்பினார். இரண்டு மைதானங்களுக்கும் நடுவே ஒரு நடைபாதைதான். அங்கே புல் அறுபது மில்லிமீட்டர் நின்றது. இளம்புல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வெட்டினால் பட்டுப்போகும் என்று அவளே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். "நாற்பதுக்கு வெட்டுங்க. ரெண்டு ஓட்டமா," என்றாள். வண்டி நகர்ந்ததும் சக்கரத்தடம் புல்லில் அழுந்தியது. ஆறு வாரமாகக் குருவிகூட இறங்கவிடாமல் காத்த புல். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூலை சதுரமாக இருக்கக் கயிற்றில் மூன்று மீட்டர், நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் என்று முக்கோணம் பிடித்து ஆணி அடிக்க வேண்டும். கயிற்றின் இன்னொரு நுனியைப் பிடிக்க ஆளில்லை. அவள் ஒரு நுனியை ஆணியில் கட்டிவிட்டு மறு நுனிக்கு ஓடி, அது அவிழ்ந்து மறுபடி ஓடி, மூச்சிரைத்தது. மூன்றாம் தடவை ஓடியபோது கயிற்றை யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள். நாத்தனார்.

"எவ்வளவு?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"அஞ்சு மீட்டர்ல முடிச்சு இருக்கு பாரு."

"இருக்கு."

"அங்க ஆணி அடி."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடந்தது. கோல் போஸ்ட்டுகளை ஒன்றாம் எண்ணிலிருந்து கழற்ற வேண்டியதாயிற்று. வடக்குக் கோல் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தொடக் கூடாது என்றாள். தெற்குக் கோலையும் கிடங்கில் கிடந்த பயிற்சிக் கோலையும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, தேர் நகர்வதுபோல் தூக்கி வந்தார்கள். ஆட வேண்டிய கால்கள் இப்படிச் சுமை தூக்குவதைப் பார்த்து நாத்தனார் பல்லைக் கடித்தாள், ஆனாலும் தடுக்கவில்லை.

தண்ணீர் தெளிக்கும் குமிழ்கள் மண்ணுக்கு மேல் துருத்தாமல் இருக்கின்றனவா என்று புல் மேடம் ஒவ்வொன்றாகக் காலால் தடவிப் பார்த்தாள். கூடவே மைதானம் முழுக்கக் கம்பியைக் குத்திக்கொண்டே போனாள். எங்கும் மண் எதிர்த்தது. நடுவரும் ஒரு சுற்று நடந்து பார்த்தார். ஓரிடத்தில் குதிகாலை அழுத்தித் திருப்பினார். புல் சுருண்டு வந்தது. உதட்டைப் பிதுக்கினார். "ஆடலாம். ஆனா நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன்," என்றார்.

நாலு இருபத்தைந்துக்குக் கடைசிக் கோடு முடிந்தது. சுண்ணாம்பு காயும் முன்பே விசில் அடித்தார்கள்.

ஆட்டம் முதல் நிமிடத்திலிருந்தே வழுக்கல்தான். யார் வேகமாகத் திரும்பினாலும் காலடியில் புல் பெயர்ந்தது. பெயரும் ஒவ்வொரு கற்றையும் புல் மேடத்தின் உடம்பில் எங்கேயோ பிடுங்கியது. பாதி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று. பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். "அவ்வளவு நல்ல கிரவுண்டைப் பூட்டி வச்சுட்டு வயல்ல ஆட விடறாங்க," என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். தேர்வுக்குழுவின் இரண்டு பேரும் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்திருந்தார்கள். தலைவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் பாதி நேரம் ஆட்டத்தைப் பார்த்தாள், பாதி நேரம் நடைபாதைக்கு அந்தப் பக்கம் கயிற்றைப் பார்த்தாள். ஒன்றாம் எண் வெயிலில் பச்சைப் பட்டாட்டம் கிடந்தது. எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால்? எலி வளையாகவே இருந்துவிட்டால்? இந்த ஒரு மாலையில் இரண்டு மைதானத்தையும் கெடுத்து, பதினெட்டுப் பெண்களின் நாளையும் கெடுத்தவள் என்று பெயர் வரும். வீட்டில் அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் ஒரு தடுப்பாட்டக்காரி ஓங்கி உதைத்த பந்து நடைபாதையைத் தாண்டிப் பறந்தது. குதித்து, உருண்டு, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பெனால்டி கட்டத்துக்குள் போய் நின்றது. எதிரணியின் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி கோட்டோரம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். உதவி செய்யும் எண்ணத்தில் பாய்ந்து ஓடினாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. கயிற்றைக் குனிந்து தாண்டினாள்.

"ஏய்! நில்லு!" என்று மெஷின் அண்ணன் போட்ட சத்தத்தில் ஆட்டமே ஒரு கணம் நின்றது. புல் மேடம் எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. கயிற்றருகே போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் உள்ளே உறைந்துபோய் நின்றிருந்தாள். பந்து அவளுக்கு நான்கு எட்டு முன்னால் இருந்தது.

"அப்படியே நில்லும்மா. ஒண்ணும் இல்ல. பந்து வேண்டாம். திரும்பாத, வந்த வழியிலேயே மெதுவா பின்னாடி வா. கால் எடுத்து வைக்கும்போது அழுத்தாத."

பெண் அடிமேல் அடி வைத்துப் பின்னோக்கி வந்தாள். கயிற்றைத் தொட்டதும் புல் மேடம் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "அங்க என்ன ஆன்ட்டி இருக்கு?" என்று கேட்டாள் பெண். "தெரியாதும்மா," என்றாள் இவள். அதைவிட உண்மையான பதில் அவளிடம் இல்லை.

நடுவர் வேறு பந்தை எடுத்தார். இந்தப் பந்து அங்கேயே கிடந்தது.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நாத்தனாரின் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. எக்ஸ்பிரஸ்தான் உதைக்க வந்தாள். நேரே ஓடிவந்து இடது காலை ஊன்றினாள். ஊன்றிய காலுக்கு அடியில் புல் பாய் சுருள்வதுபோல் சுருண்டது. பந்து கம்பத்துக்கு மேலே எங்கோ போனது. அவள் மல்லாந்து விழுந்து, எழுந்திருக்காமலே முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த இரண்டாவது நிமிடம் எதிரணி கோல் போட்டது. ஆட்டம் முடிந்தது.

வீட்டில் அன்று இரவு பாத்திரங்கள் மட்டும் பேசின. நாத்தனார் கரண்டியை வைத்த வேகத்தில் கணவன் தலைநிமிர்ந்து, ஒன்றும் கேட்காமல் மறுபடி குனிந்துகொண்டான். படுக்கப் போகுமுன் நாத்தனார் கதவோரம் நின்று சொன்னாள்:

"நாளைக்கு நான் காலையில வருவேன். பந்தை எடுக்கணும். என்கிட்ட மொத்தமே ஏழு பந்துதான் இருக்கு."

காலை ஆறரைக்கு இருவரும் நடந்தே போனார்கள். தோண்டும் இயந்திரம் எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மெஷின் அண்ணன் முன்பே வந்து கயிற்றோரம் நின்றிருந்தார். புல்லில் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. யாரும் நடந்த தடம் இல்லை.

"பந்து எங்க?" என்றாள் நாத்தனார்.

"நானும் அதைத்தான்மா பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார் மெஷின் அண்ணன்.

பந்து கிடந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான். சுற்றிலும் புல் அப்படியே, வெட்டு மாறாமல் நின்றது. ஓர் உதைபந்தின் கனத்தைத் தாங்காத இடம். இருவரும் நெடுநேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாத்தனாரின் கை அண்ணியின் முழங்கையைப் பற்றியிருந்தது. பற்றிய பிடி வலித்தது. அண்ணி கையை எடுக்கச் சொல்லவில்லை.

இயந்திரம் வந்து தூரத்தில் நின்றபடியே நீளக் கையால் மண்ணை வழித்தது. இரண்டாவது வழிப்பில் நாலைந்து மீட்டர் அகலத்துக்குத் தரை அப்படியே உள்ளே போனது. கொஞ்சம் கழித்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. செங்கல் வைத்துக் கட்டின பழைய கிணறு. பூங்கா வருவதற்கு முன்னால் யாரோ பலகை போட்டு மூடி, மேலே மண் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். பலகை மக்கி, சந்து விட்டு, போட்ட மணலையெல்லாம் சத்தமில்லாமல் குடித்திருக்கிறது. கயிற்றில் கல் கட்டி அளந்தார்கள். தண்ணீர் மட்டம் வரைக்குமே பதினொரு மீட்டர். அடியில் நாத்தனாரின் பந்து மிதந்துகொண்டிருந்தது.

துறைத் தலைவர் வந்தார். எட்டிப் பார்த்தவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். காலணி முழுக்கச் சேறு, அவர் கவனிக்கவில்லை. "எந்த வரைபடத்துலயும் இல்லையே," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு புல் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து நீங்க மூடினது சரி. அதை எழுதிடறேன். ஆனா அந்த மூணு பதிவு இருக்கே, அதுக்கும் விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். நான் அனுப்பியாகணும்."

"அனுப்புங்க சார். நேத்து சொன்னதையே எழுதறேன்."

மெஷின் அண்ணனிடம் போய் நின்றாள். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "முதல் தடவையே சொன்னீங்க அண்ணே. நான் மணலைப் போட்டு உங்க வாயையும் சேர்த்து மூடிட்டேன்."

"நானும் மூணாவது தடவை கேக்காமத்தான மேடம் மணலைக் கொட்டினேன்," என்றார் அவர். "இனிமே ரெண்டு பேரும் கேப்போம்."

நாத்தனார் தள்ளி நின்று யாரிடமோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் எக்ஸ்பிரஸ் தன் அம்மாவோடு வந்தாள். இரவெல்லாம் அழுத கண். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தாள். அம்மாக்காரி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, பெண்ணின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.

"கோச், நேத்து இங்க ஆடியிருந்தா நாம அடிக்கிற கோல் இந்தப் பக்கம் வந்திருக்குமா?" என்று கேட்டாள் எக்ஸ்பிரஸ்.

"ஆமா. டாஸ் எப்படி விழுந்திருந்தாலும் ஒரு பாதி முழுக்க நீ இங்கதான் நின்னிருப்ப."

புல் மேடம் அருகே போனாள்.

"நேத்து பெனால்டில வழுக்கினது உன் காலு இல்லம்மா. என் புல்லு. அது இன்னும் வேர் பிடிக்கல. பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்னை அதுல நிக்க வச்சேன்."

எக்ஸ்பிரஸ் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்தாளா, புரிந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வலது காலை ஊன்றி இடதால அடிச்சிருக்கலாம்," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

"இடதுகால் பயிற்சி பண்ணுன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?" என்று நாத்தனார் பிடித்துக்கொண்டாள். அங்கேயே, கிணற்றோரத்திலேயே, அம்மாக்காரியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் திட்டினாள். பெண்ணின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

கடிதம் பத்து நாளில் வந்தது. புல் மேடம் பதில் எழுதினாள். பணிப்பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அது அங்கேயே இருக்கும். கிணற்றை அடிவரை கல்லும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி நிரப்ப இரண்டு மாதம் ஆயிற்று. மூன்றாம் எண்ணை மறுபடி உழுது விதைத்தார்கள். மிச்சமிருந்த ஒரே மைதானத்துக்கு நகரத்தின் எல்லா அணிகளும் அடித்துக்கொண்டன. தினமும் அவளுக்கு வரும் அழைப்புகளில் பாதி வசவு.

தேர்வுக்குழுவின் பட்டியலில் எக்ஸ்பிரஸ் பெயர் இல்லை. அவளுக்குப் பந்து கொடுத்துக்கொண்டே இருந்த நடுக்கள ஆட்டக்காரியின் பெயர் இருந்தது. அந்தப் பெண் அன்றைய வழுக்கல் தரையில் ஒரு தடவைகூட விழவில்லையாம். கைப்பேசியில் பட்டியலைப் படித்த நாத்தனாருக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. சமையலறைக்கு வந்து அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"ஒருத்தியாவது," என்றாள்.

"ஒருத்தியாவது," என்றாள் நாத்தனார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டே. "எக்ஸ்பிரஸ்கிட்ட யார் அண்ணி சொல்றது?"

"வா, ரெண்டு பேரும் போகலாம்," என்று அண்ணி அடுப்பை அணைத்தாள்.